‘அனுபவம் இருக்கா?’ – ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளும் முதல் நர்ஸ் வேலையும்

“வென்ஃப்ளான் எத்தனை போட்டிருக்கீங்க?”

மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், புதிதாக வரும் நர்ஸ்களிடம் முதலில் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. வென்ஃப்ளான் என்பது டிரிப்ஸும் மருந்தும் ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் சின்னக் குழாய். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு பெண் இதைக் கேட்டதும் பையைத் திறந்து, படிக்கும்போது செய்தவற்றைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் ப்ரொசீஜர் புக்கை எடுத்து நீட்டினாள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, எல்லாக் கட்டத்திலும் தேதி. “புக் இருக்கட்டும்மா, உன் கையால எத்தனை?” என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “ஆறு, சிஸ்டர். அதுல ரெண்டு நரம்ப விட்டு வெளிய போயிருச்சு.”

அவளை எடுத்துக்கொண்டோம். அந்த ஆறு என்ற எண் குறைவுதான். ஆனால் அன்று காலையில் அதே கேள்விக்கு “நூறுக்கு மேல” என்று சொன்ன மூன்று பேரை விட, எது தனக்கு வரும், எது வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி ஒரு வார்டை நம்பி விட அதுதான் முதலில் வேண்டும்.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். படிப்பு முடிந்த கையோடு, சேலை மடிப்புக் கலையாமல், ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய படிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. எங்கே போனாலும் ஒரே கேள்வி: அனுபவம் இருக்கா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று வாசலில் நின்று அழுதிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், அந்தக் கேள்விக்குள் உண்மையில் என்ன கேட்கப்படுகிறது என்று புரிகிறது. அதைக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் படிக்க வைத்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருட டிப்ளமோவோ நான்கு வருட பி.எஸ்சி.யோ முடித்தவளுக்கு ஆறு வென்ஃப்ளான்தான் கணக்கு என்றால், அது அவளுடைய சோம்பலால் வந்ததல்ல. நர்சிங் படிப்பு நடத்த 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை (தாய் மருத்துவமனை என்பார்கள்) ஒன்று வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. நடைமுறையில் பல கல்லூரிகள் பயிற்சிக்கு அரசு மருத்துவமனையைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு காலை வேளையில் மூன்று கல்லூரிகளின் பிள்ளைகள், மூன்று நிறச் சீருடையில், ஒரே பெண்கள் வார்டில் நிற்பார்கள். கட்டில் முப்பது, மாணவிகள் நாற்பது. அன்றைக்கு வென்ஃப்ளான் மாற்ற வேண்டியவர்கள் ஏழு பேர் என்றால் யாருக்குக் கிடைக்கும்? மிச்சப் பேர் படுக்கை விரிப்பார்கள், காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எழுதுவார்கள், பி.பி. பார்ப்பார்கள். கூட இருக்கும் சொந்தக்காரர்களும், “படிக்கிற புள்ள வேணாம்மா, பெரிய சிஸ்டர வரச் சொல்லு” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குத்து வாங்குவது அவர்கள் வீட்டு ஆள் அல்லவா?

2020, 2021 ஆண்டுகளில் படித்தவர்கள் நிலை இன்னும் மோசம். கொரோனாவில் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, வார்டில் நிற்க வேண்டிய மாதங்களை அவர்கள் செல்போன் திரையில் கழித்தார்கள்.

இன்னொரு குறையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாணவிகளின் வார்டு போஸ்டிங் பெரும்பாலும் காலை நேரம். மதியம் பஸ் வந்து அழைத்துப் போய்விடும். ஒரு ஆஸ்பத்திரியின் ராத்திரி எப்படி இருக்கும் என்று முழுதாகப் பார்க்காமலே பலரும் படிப்பை முடித்துவிடுகிறார்கள். டாக்டர்கள் வீட்டுக்குப் போன பிறகு, லேப் பாதி மூடிய பிறகு, மருந்து அறைச் சாவி உங்கள் கையில் இருக்கும்போது ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது? வேலைக்கு எடுப்பவரின் பயம் முழுக்க இந்த இடத்தில்தான். அனுபவம் இருக்கா என்ற கேள்விக்கு உள்ளே இருப்பது, உன்னை ராத்திரி விட்டுவிட்டு நான் தூங்கலாமா என்ற கேள்வி.

ஊசி போடுவதும் மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப் விடுவதும் கைப்பழக்கம். நல்ல சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்றால் இரண்டு மாதத்தில் வந்துவிடும். அதனால் கை வரவில்லை என்று பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். நேர்காணலில் நான் பார்ப்பது வேறு. ஒருவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மணி நேரம் ஆகிறது. நாடி 124. பி.பி. 90-க்கு 60. மூன்று மணி நேரமாக யூரின் பையில் 40 மில்லிதான். ராத்திரி இரண்டு மணி. டாக்டருக்குப் போன் பண்ணுவாயா, விடியட்டும் என்று இருப்பாயா? பண்ணினால் என்ன சொல்வாய்?

பாதிப் பேர், “சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தூக்கத்தில் இருக்கும் மனிதருக்கு அதிலிருந்து என்ன புரியும்? எந்தக் கட்டில், என்ன ஆபரேஷன், எப்போது முடிந்தது, இப்போது நாடி எவ்வளவு, பி.பி. எவ்வளவு, போன மணி நேரத்தில் எவ்வளவு இருந்தது, ரத்தம் கசிகிறது என்று எனக்குச் சந்தேகம், நீங்கள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை டிரிப்ஸை வேகமாக விடட்டுமா? இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லலாம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்ற இந்த வரிசையைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் எஸ்.பி.ஏ.ஆர். என்று சொல்லிப் பழக்குகிறார்கள். இதற்கு நோயாளி வேண்டாம், வார்டு வேண்டாம். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஐம்பது தடவை சொல்லிப் பழகலாம். பழகி வந்தவளை உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் அடையாளம் தெரிந்துவிடும்.

மருந்துக் கணக்கும் அப்படித்தான். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் 21 சொட்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு. இதில் திணறுகிறவர்கள் நிறைய. பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, ரத்தம் ஏற்றும்போது முதல் பதினைந்து நிமிடம் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்பவை மறந்தால் உயிர் போகும் விஷயங்கள். இவற்றைத் தெளிவாகச் சொல்கிறவளிடம் அனுபவ வருடத்தை யாரும் அவ்வளவாகத் துருவ மாட்டார்கள்.

சரி, கடற்கரைக்கு வருவோம். வடகடலும் தென்கடலுமாக, தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை இந்த மாவட்டத்துக்குத்தான். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை உள்ள ஊர்களில் ஆஸ்பத்திரி என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு தாலுகா மருத்துவமனை, ஒரு டாக்டரோ தம்பதி டாக்டர்களோ நடத்தும் பத்து இருபது கட்டில் நர்சிங் ஹோம். கொஞ்சம் பெரிதாக எதுவானாலும் ராமநாதபுரம். அதற்கும் மேல் என்றால் 110 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரை.

இந்தச் சின்ன இடங்களில் வேலை பார்த்ததை எங்கள் பிள்ளைகளே அனுபவமாக மதிப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பாசி எடுக்கப் போன இடத்தில் திருக்கை முள் குத்தி வருகிற அம்மாவைப் பெரிய ஊர் நர்ஸ் பார்த்திருக்கவே மாட்டாள். நம் பிள்ளைக்கு, கை தாங்கும் அளவு வெந்நீரில் காலை வைத்தால் வலி இறங்கும் என்று தெரியும். முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும் என்பதும் தெரியும். பனங்காட்டிலும் கருவேலங்காட்டிலும் பாம்பு கடித்து வருகிறவர்களுக்கு, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்த்திருப்பாள். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பாள். இதெல்லாம் அவசர சிகிச்சை அனுபவம் இல்லாமல் வேறு என்ன?

பிரசவமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்த பிறகு, ராத்திரிப் பிரசவம் பல இடங்களில் நர்ஸின் கையில்தான். குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் போட்டு, கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்த்து, ரத்தப் போக்கை அளந்து, ஜன்னி வந்தவளுக்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றும்போது முழங்கால் துடிப்பையும் மூச்சையும் யூரினையும் பார்த்து நிற்கிறவர்களுக்கு நகரத்து மகப்பேறு ஆஸ்பத்திரியில் நல்ல மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் போஸ்டிங் போயிருந்தால், எத்தனை பிரசவம் பார்த்தேன், எத்தனைக்குக் கூட நின்றேன், எத்தனை என் கையால் என்று மூன்று கணக்காகப் பிரித்து எழுதிக் கொண்டு வாருங்கள்.

ஏர்வாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வரும் குடும்பங்களை நம் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். மனநலப் பிரிவு என்றால் பயந்து ஒதுங்குகிறவர்களே அதிகம். ஒதுங்காமல் அந்தப் போஸ்டிங்கை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு அதுவே வேலைக்கு ஒரு வழியைத் திறக்கும்.

ஆனால் நம் ஊர் நர்சிங் ஹோம்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அங்கே சீருடையில் நிற்கும் எல்லோரும் நர்ஸ் அல்ல. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஏதோ ஒரு மையத்தில் சான்றிதழ் வாங்கியவர்களையும், அதுவும் இல்லாதவர்களையும் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவள் வந்து நின்றால், அவளுக்கும் அதே சம்பளத்தைத்தான் காட்டுகிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாவுக்கு அந்தத் தொகையைச் சொல்லவே நாக்கு எழாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் அதன் நிழல்கூட இன்னும் விழவில்லை.

அதற்காக அங்கே போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சூழ்நிலையால் ஊரை விட்டு நகர முடியாதவர்கள் இருக்கிறார்கள். போனால் மூன்று விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: பணி நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் வரும் சம்பளம், முடிந்தால் பி.எஃப். கையில் காசு வாங்கிக்கொண்டு மூன்று வருடம் உழைத்தவளுக்கு, வெளியே போகும்போது வேலை பார்த்ததற்கு ஒரு சாட்சியும் இருப்பதில்லை. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பதிவில் இருக்கும். அனுபவச் சான்றிதழில் ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கை, எந்தப் பிரிவில் வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பவை கட்டாயம் இருக்க வேண்டும்.

படுக்கை எண்ணிக்கையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர் வேலைக்கு நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் அனுபவமே இல்லாமல் எழுதலாம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு, 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் வேண்டும். இருபது கட்டில் நர்சிங் ஹோமில் ஐந்து வருடம் உழைத்தாலும் அந்த விண்ணப்பத்தில் அது ஏறாது. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் 2022-இல் நம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பைத் தொடங்கினார்கள். எய்ம்ஸ் என்ற பெயரே நம் ஊருக்குள் வந்துவிட்டது. அதில் வேலைக்குப் போகும் வழி மட்டும் பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கிறது.

அதனால் என்னைக் கேட்டால், டிப்ளமோ முடித்தவள் முதல் இரண்டு வருடத்தை எங்கே கழிப்பது என்பதைச் சம்பளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மதுரை, திருச்சி, கோவை, சென்னையில் நூறு, இருநூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரிகள் புதியவர்களைத் தொடர்ந்து எடுக்கின்றன. ஏனென்றால் அங்கே இரண்டு வருடம் முடித்தவர்கள் வெளிநாட்டுக்கும் அரசு வேலைக்கும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடம் காலியாகிக்கொண்டே இருக்கும். தர அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி என்றால் புதியவர்களுக்கு முதலில் வகுப்பு, அப்புறம் ஒரு சீனியரோடு சேர்த்து டூட்டி, எந்தெந்தச் செயல்முறையைத் தனியாகச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் என்று முறை இருக்கும். அந்தப் பட்டியலில் சீனியர் வைக்கும் கையெழுத்துக்கு ப்ரொசீஜர் புக் கையெழுத்தை விட மதிப்பு அதிகம்.

அங்கேயும் ஒரு பொறி உண்டு. இரண்டு வருடம் இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டும் இடங்கள். நான் முதலில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எல்லாம் பதினெட்டு மாதம் அவர்களிடம் இருந்தது. அந்த நேரத்தில் வந்த அரசுப் பணி அழைப்புக்கு ஒரிஜினல் காட்ட முடியாமல் போனேன். அந்த நாள் இன்னும் என்னை உறுத்துகிறது. பத்திர முறையை இந்திய நர்சிங் கவுன்சிலே ஏற்பதில்லை. சரிபார்த்துவிட்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுங்கள், நகலில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று முதல் நாளே சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் கூட வந்த அப்பாவையோ அண்ணனையோ சொல்லச் சொல்லுங்கள்.

அரசு வேலை என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். முன்பு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் நடந்தது. 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., வந்த பிறகு தேர்வு என்று ஆனது. 2015-இல் 7,000-க்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தேர்வு நடந்து, வென்றவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய்த்ததால்தான் 2017 நவம்பரில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பின்னால் 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. தனியாருக்கு நீதிமன்றத்தின் பேரில் பரிந்துரைத்த 20,000-ஐ விட இது குறைவு என்பதை அரசே யோசிக்க வேண்டும். இருந்தாலும் புதியவளுக்கு இந்தத் தேர்வு நல்ல வாசல். அனுபவம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளே திருத்தப்படாது. பெங்களூருவில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அங்கே செய்த பதிவைத் தமிழ்நாட்டுக் குழுமத்துக்கு மாற்றிப் பதியவும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், விளம்பரம் வந்த பிறகு ஓட ஆரம்பித்தால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் ஒப்பந்த அடிப்படையில் ஸ்டாஃப் நர்ஸ், இடைநிலை சுகாதாரப் பணியாளர் போன்ற இடங்கள் அவ்வப்போது வருகின்றன. விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கச் சில நாள்தான் இருக்கும். வாரம் ஒரு தடவை திறந்து பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலையும் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக நர்சிங் படித்தவர்களைப் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். விபத்து, பிரசவம், மாரடைப்பு என்று மனதைத் திடப்படுத்த அதை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பின்னால் வார்டு வேலை தேடும்போது இதை முழு அனுபவமாக எண்ணாதவர்களும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

இந்த வாசல்களில் எதுவும் திறக்காத பிள்ளைகள் மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். குடியுரிமை இல்லை என்பதால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, இந்திய பாஸ்போர்ட்டும் கிடையாது. எத்தனை நல்ல நர்ஸாக இருந்தாலும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுதான். அவர்களை நேர்காணலில் பார்க்கும்போது, இந்த முதல் வேலை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குள் கனக்கும்.

வளைகுடா பற்றிச் சொல்லாமல் கீழக்கரைப் பக்கம் பேச முடியாது. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கும் ஊர்கள். “மாமா அங்கதான இருக்காக, விசா எடுத்துருவாக” என்று வாப்பா நினைப்பது இயல்பு. நர்ஸ் வேலைக்கு விசா மட்டும் போதாது. அந்த நாட்டு உரிமத் தேர்வு உண்டு, சான்றிதழ்களை அவை வாங்கிய இடத்திலேயே விசாரித்துச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ உண்டு. பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு வருட ஆஸ்பத்திரி அனுபவம் கேட்கிறார்கள். அந்த இரண்டு வருடத்துக்குப் பொய்ச் சான்றிதழ் தருகிறேன் என்று ராமநாதபுரத்திலும் மதுரையிலும் ஆள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே கேள்வி போகும், சம்பளச் சீட்டு கேட்பார்கள். பொய் என்று ஒரு தடவை பதிவானால் அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கூடவே வரும். அப்படி ஒருத்தி உள்ளே நுழைந்துவிட்டாலும், ஐ.சி.யூ. அனுபவம் என்று எழுதியவளை ஐ.சி.யூ.வில்தான் நிறுத்துவார்கள். அங்கே படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

ஏஜென்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். குவைத் நர்ஸ் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாகக் கொச்சி ஏஜென்சி ஒன்றின் மேல் வழக்கு வந்த 2015-ஆம் ஆண்டில்தான், வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் மூலமே போக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நமக்கு அது 1978 முதல் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பதிவு பெற்ற ஏஜென்ட்டாக இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான் உச்சம். லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஜெர்மனிக்கு அனுபவத்தை விட மொழிதான் பெரிய தடை. பி2 நிலை வரை ஜெர்மன் படிக்க ஒரு வருடமாவது உட்கார வேண்டும். அதை மதுரை டூட்டியோடு சேர்த்தே படித்து முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக வீடு. பாலம் தாண்டிப் போனால் பொம்பளைப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, ராத்திரி டூட்டியா, ஹாஸ்டலா, வரன் பார்க்கும்போது என்ன சொல்வார்கள் என்ற பேச்சில் எத்தனையோ சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. என் அக்கா மகளுக்கும் இதே கதைதான். “சித்தி, நீ வந்து அப்பாட்ட சொல்லு” என்று போன் பண்ணினாள். நான் போய்ப் பேசவில்லை. அவள் அப்பாவையே கூட்டிவந்து எங்கள் ஹாஸ்டலையும் கேட்டில் கையெழுத்து வாங்கும் நோட்டையும் ராத்திரி டூட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் வேனையும் காட்டினேன். வார்டன் அம்மாவோடு அரை மணி நேரம் பேசினார். ஊருக்குப் போகும்போது, “லீவு எப்ப எப்ப குடுப்பாக?” என்று மட்டும் கேட்டார். பெற்றவர்களுக்குச் சொல்கிறேன்: படிப்பு முடிந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தால் கை மறக்கும், இரண்டு வருடம் இருந்தால் இடைவெளி ஏன் என்று கேட்பார்கள். கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்து திரும்ப வருகிறவர்களையும் நாங்கள் எடுக்கிறோம். ஆனால் குழுமப் பதிவைப் புதுப்பித்து வைத்திருந்து, உயிர்காப்பு முதலுதவியான பி.எல்.எஸ். பயிற்சியைப் புதிதாக முடித்து வந்தால் எங்களுக்கும் துணிச்சல் வரும்.

நேர்காணல் முடியும்போது, ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். நம் பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சம்பளத்தையும் லீவையும் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: “முதல் எத்தனை வாரம் ராத்திரி டூட்டியில் என்னோடு ஒரு சீனியர் இருப்பாங்க?” நான்கு வாரம், ஆறு வாரம் என்று எண் சொன்னால் அங்கே புதியவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. “அதெல்லாம் போகப் போகப் பழகிரும்” என்று சொன்னால், இரண்டாம் வாரமே இருபது நோயாளியோடு உங்களைத் தனியாக விடப் போகிறார்கள். அந்த இடத்துக்கு வீட்டு வாடகையே தருகிறேன் என்றாலும் சேர வேண்டாம். தங்கச்சிமடத்துப் பெண் எங்களிடம் இதைக் கேட்டாள். ஆறு வாரம் என்றேன். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.